கடலுக்குப் போய்வந்த பலாச்சடை

வளப்பூர் நாடு,
12.5.2024

அன்புத் தம்பி தனபாலுக்கு,

அக்கா ருக்குமணி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் உன் மகள் மோனிஷாவும் சுகம். உன் சுகமும் கலைச்செல்வியின் சுகமும் எழுது. தூத்துக்குடி வெயிலில் கறுத்துப் போயிருப்பாய். பரவாயில்லை, பிறக்கும்போதே நீ அப்படித்தான்.

போனில் பேசலாமே என்பாய். இங்கே டவர் கிடைக்க வேண்டுமென்றால் சோளக்காடு வரை பஸ் ஏற வேண்டும். அப்படிப் பேசினாலும் நீ 'ம், ம்' என்றே முடித்துவிடுவாய். கடிதத்தில் 'ம்' கொட்ட முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும்.

நீ சொன்ன வேலையைத் தொடங்கிவிட்டோம். பலாப்பழத்தில் சுளை எடுத்தபின் மிஞ்சுகிற சடை நாரைப் பதினோரு பெண்களாகச் சேர்ந்து பிரித்து, பாறையில் காயவைத்து, மூட்டை கட்டுகிறோம். வெள்ளிக்கிழமை உன் கம்பெனி டிரைவர் குழந்தைசாமி லாரியோடு வந்து முதல் லோடை ஏற்றிக்கொண்டு போனார். "ஏனுங்க்கா, இந்தக் குப்பையப் போட்டா கடலு சுத்தமாயிருமாங்க?" என்று பெருமாயி கேட்டாள். "எந்தம்பி சொன்னா செரியாத்தான் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறேன். என் பேரைக் காப்பாற்று.

ஒரே ஒரு குறை. பலாவின் தோலோ சடையோ அந்த மரத்தடிக்கே திரும்ப வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம், உனக்குத் தெரியாததல்ல. வெளியே போனால் மறுவருஷம் காய்ப்பு நின்றுவிடும் என்று கருப்பண்ணன் பெரியப்பா முணுமுணுக்கிறார். லாரி மலைக்கு மேலே வரும்போது காலியாகத்தானே வருகிறது? வேலை முடிந்த சடையை அதிலேயே திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டுச் சொல்.

நீங்கள் இருவரும் ஷிப்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது என்று மோனிஷாவை என்னிடம் விட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஐந்து வயதுக்கு வாய் அதிகம். என்னைப் போலவே வருகிறாள், கவலைப்படாதே.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா ருக்குமணி

*

தூத்துக்குடி,
2.6.2024

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தனபால் எழுதுகிறேன். உங்கள் ஆசியில் நானும் கலைச்செல்வியும் நலம். மாமாவின் முதுகுவலி தேவலையா? மோனிஷா இளைக்காமல் இருக்கிறாளா?

முதல் லோடு வந்து சேர்ந்தது. பிலிப் சார் சடையைக் கையில் எடுத்து முகர்ந்துவிட்டு, "இதுதான்யா நான் தேடின சரக்கு" என்றார். அவர்தான் எங்கள் இன்ஜினீயர். ஒரு கண்ணாடி ஜாடியில் கடல்நீரை எடுத்து எனக்குக் காட்டினார். பார்வைக்குச் சுத்தமான தண்ணீர்தான். விளக்கைப் பிடித்தால் சிவப்பும் நீலமுமாகத் தூசி மிதக்கிறது. எல்லாம் பிளாஸ்டிக் தூள். வலை, பை, படகுக்குப் பூசும் பெயிண்ட் எல்லாம் வெயிலில் உதிர்ந்து உதிர்ந்து இப்படி ஆகிவிடுகிறதாம். மீன் குடலில், உப்பில், எங்கே பார்த்தாலும் இதுதான்.

நம் சடை நீரில் ஊறினால் கொழகொழப்பாகிறது அல்லவா, அந்தக் கொழகொழப்பில் தூள் ஒட்டிக்கொள்கிறது. சடையைக் கூண்டில் அடைத்துத் துறைமுகத்துக்குள் கயிற்றில் தொங்கவிடுகிறோம். ஒன்பதாம் நாள் தூக்கினால் கறுத்துப் பெருத்து வருகிறது. கூண்டைச் சுற்றியுள்ள நீர் தெளிந்துவிடுகிறது. நேரில் பார்த்தால் நம்புவீர்கள், அக்கா. நான் செய்கிற வேலை நாலு பேருக்குச் சொல்லிக்கொள்கிற வேலை என்று முதன்முதலாகத் தோன்றுகிறது.

சடையைத் திருப்பி அனுப்புவது பற்றிக் கேட்டேன். அது முடியாது. வேலை முடிந்ததை ஒரு சிமெண்ட் ஆலைச் சூளைக்கு அனுப்பி எரித்துவிடுவார்கள். பெரியப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பை மறவாத,
தனபால்

*

வளப்பூர் நாடு,
16.6.2024

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

உன் கடிதத்தைப் பாறையில் உட்கார்ந்து எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஜாடி விஷயத்தில் வாயைப் பிளந்தார்கள். சூளை விஷயத்தில் முகம் சுருங்கிவிட்டது. "மரத்தோட மசுர நெருப்புல போடறதாச் சாமி?" என்று பெரியப்பா எழுந்தே போய்விட்டார். மறுநாள் நான்கு பெண்கள் வேலைக்கு வரவில்லை. என் குழுவை நான் எப்படி நடத்துவேன்? இன்னொரு முறை கேள். நம் மலைச் சடைதானே, நாங்கள் என்ன கடலையா கேட்கிறோம்?

சந்தோஷமான சேதி ஒன்று. நம் சுகுணாவுக்கு நான்கு மாதம். சேந்தமங்கலத்தில் மாமியார் நன்றாகவே கவனித்துக்கொள்கிறார்களாம். தலைப்பிரசவத்துக்கு இங்கேதான் வருவாள். நான் பாட்டியாகப் போகிறேன் என்று உன் மாமா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார், அவர் மட்டும் இளவட்டம்போல.

நல்ல பதிலாக எழுது.

அக்கா

*

தூத்துக்குடி,
11.7.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

இங்கு நலம். அங்கும் நலமென நம்புகிறேன். சுகுணாவின் சேதி கேட்டுக் கலைச்செல்வி அக்கம்பக்கத்துக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள்.

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது. இனி லாரி மேலே வரும்போது வேலை முடிந்த சடைப் பொதிகளைக் கொண்டுவரும். மேலிடத்தில் நானே பேசி ஏற்பாடு செய்தேன். மூன்று முறை கழுவித்தான் அனுப்புகிறோம். வெறும் நாரும் கொஞ்சம் உப்பும்தான். இறக்கும்போது கையில் பழந்துணி சுற்றிக்கொள்ளுங்கள், உப்பு அரிக்கும். குழந்தைகளை அருகில் விட வேண்டாம்.

சிமெண்ட் ஆலை பற்றிக் கேட்காதீர்கள், அது பெரிய கதை.

அவசரமாக எழுதுகிறேன்.
தனபால்

*

வளப்பூர் நாடு,
4.8.2024

அன்புத் தம்பிக்கு,

குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ சௌக்கியமா? கையெழுத்தே கோணல்மாணலாக இருந்ததே, அப்படி என்ன அவசரம்?

உன் பொதிகள் இரண்டு லோடு வந்துவிட்டன. எண்பது வீட்டுக்காரர்களும் என்னைத்தான் புகழ்கிறார்கள். நீ தூத்துக்குடியில் இருந்து என்ன, ருக்குமணியின் தம்பி என்றால்தான் ஊருக்குத் தெரியும். பெரியப்பா முன்னால் நின்று ஒவ்வொரு பலாவின் அடியிலும் குழி பறித்துப் போட வைத்தார். நாம் குடிக்கத் தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கு மேலே நிற்கும் ஏழு பெரிய மரங்களுக்குத்தான் முதல் மரியாதை. அங்கே மட்டும் முப்பது பொதி. கரிய களிம்புபோல இருக்கிறது, கெட்ட மீன் நாற்றம். கையில் துணி சுற்றச் சொன்னாய் என்றேன். "நம்ம மரத்துச் சடையத் தொடறதுக்கு என்னத்துக்குங்க துணி?" என்று மாதம்மாள் சிரித்தாள். யாரும் சுற்றவில்லை. நானும்தான்.

ஆடுகள் சாக்கை விட்டு நகர மாட்டேன் என்கின்றன. உப்பு ருசி. நக்கி நக்கிச் சாக்கே ஓட்டையாகிவிட்டது.

பெண்கள் எல்லோரும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். என் மனம் குளிர்ந்தது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா

*

தூத்துக்குடி,
25.8.2024

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பொதிகளை ஊற்றுக்கு மேலேயா போட்டீர்கள்? ஊற்றுக்குக் கீழே என்று எழுத நினைத்து மாற்றி எழுதிவிட்டீர்களோ என்று பார்த்தேன். ஆடுகளைக் கட்டிப்போடுங்கள். மழை தொடங்கிவிட்டதா என்று எழுதுங்கள்.

தனபால்

*

வளப்பூர் நாடு,
8.9.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம்தான். நீ எழுதியது கடிதமா தந்தியா? மேலே என்றுதான் எழுதினேன், மேலேதான் போட்டோம். ஊற்றுக்குக் கீழே ஏது மரம்? எட்டு வருஷத்தில் ஊரின் வழியே மறந்துவிட்டதா உனக்கு?

மழை நன்றாகப் பெய்கிறது. பத்து நாளாக விடவில்லை. ஆனால் சில விஷயங்கள் எனக்குப் பிடிபடவில்லை, உன் பிலிப் சாரைக் கேட்டு எழுது. மழைக்குப் பிறகு ஊற்றின் ஓரத்தில் சோப்பு நுரைபோல் ஒன்று நிற்கிறது, விலக்கிவிட்டுத்தான் குடம் முக்குகிறோம். தண்ணீர் லேசாகக் கரிக்கிறது. பெருமாயியின் சினையாடு வயிறு உப்பிச் செத்தது. அறுத்துப் பார்த்தால் குடலுக்குள் கரும்பந்து, கொழகொழவென்று, கத்திக்கு வெட்டுப்படவில்லை. அந்த ஆட்டை யாரும் சாப்பிடவில்லை, புதைத்துவிட்டோம்.

பயந்துவிடாதே, சிரிக்கவும் ஒன்று உண்டு. வெயில் அடித்தால் மரத்தடி மண் ஜிகினாவாக மின்னுகிறது. நீலம், சிவப்பு, பச்சை. உன் மகள் அதைச் சுரண்டி எடுத்துக் கண்ணிமையில் பூசிக்கொண்டு, "அத்தை, நா டான்ஸ்காரி" என்று ஆடினாள். உதட்டிலும் பூசியிருந்தாள். கழுவக் கழுவப் போகவில்லை, இரண்டு நாள் மின்னிக்கொண்டே திரிந்தாள். நீ பார்த்திருக்க வேண்டும்.

அக்கா

*

தூத்துக்குடி,
12.9.2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் இன்று மதியம் கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

மோனிஷாவை இங்கே அனுப்பிவிடுங்கள். இங்கே ஒரு நல்ல பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது, விட்டால் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். மாமா உடனே கூட்டிக்கொண்டு கிளம்பட்டும், மதுரையில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். வழிக்குத் தண்ணீர் அங்கிருந்து எடுத்துவர வேண்டாம், கடையில் பாட்டில் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தவறாக நினைக்க வேண்டாம்.

தனபால்

*

வளப்பூர் நாடு,
29.9.2024

தம்பி தனபாலுக்கு,

நலம். குழந்தை வந்து சேர்ந்து சுகமாக இருக்கிறாள் என்று உன் மாமா சொன்னார். நீ அவளை பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாய் என்றும் சொன்னார். காய்ச்சல்கூட இல்லாத பிள்ளைக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வருத்தம். காலாண்டுப் பரீட்சைகூட முடியவில்லை, நடுவருஷத்தில் எந்தப் பள்ளியில் இடம் காலியாகிறது? நான் சரியாக வளர்க்கவில்லை என்று கலைச்செல்வி நினைக்கிறாளா? கேட்டிருந்தால் நானே அனுப்பியிருப்பேன். அவள் படுத்த பாய் இன்னும் சுருட்டாமல் கிடக்கிறது.

சுகுணா வந்துவிட்டாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு நேற்றுக் கூட்டிவந்தோம். தாகம், தாகம் என்று செம்பு செம்பாகக் குடிக்கிறாள். தண்ணீர் கரிக்கிறது என்று அவளும் சொல்கிறாள். மரங்களின் இலை ஓரம் தீய்ந்துவருகிறது, மிளகுக்கொடி பழுத்துவிட்டது. நான்காவது லோடும் வந்து நிற்கிறது. போடலாமா, நிறுத்தலாமா? நுரை பற்றிக் கேட்டேனே, அதற்கு நீ பதில் எழுதவே இல்லை.

அக்கா

*

வளப்பூர் நாடு,
3.11.2024

தனபாலுக்கு,

ஐந்து வாரமாக உன் பதில் இல்லை. சோளக்காட்டுக்குப் போய் மூன்று முறை போன் செய்தேன். மணி அடித்து நின்றது. நீ உயிரோடு நலமாக இருக்கிறாய் என்று குழந்தைசாமி சொன்னார், அந்த மட்டில் நிம்மதி.

அவர் முந்தாநாள் ஐந்தாவது லோடோடு வந்தார். பொதிகளோடு வரும் சீட்டில் இனிமேல் பெறுகிறவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். "இத்தன நாளா நானே கிறுக்கிக் குடுத்துட்டேனுங்க்கா, இந்தவாட்டி நீங்க போட்ருங்க" என்று நீட்டினார். நான் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை, அப்பா அப்படித்தான் வளர்த்தார். உன்னையும் அப்படித்தான் வளர்த்தார்.

சீட்டில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். 'பயன்படுத்திய சடைப் பொதி. உரமாகப் பயன்படுத்தக் கூடாது. குடிநீர் நிலைகளுக்கு அருகில் வைக்கக் கூடாது. தார்ப்பாய் விரித்த மூடிய குழியில் மட்டும் வைக்கவும். கையுறை கட்டாயம்.' கீழே உன் கையெழுத்து. பழைய சீட்டுகளும் லாரியில் இருந்தன, எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தேன். ஒரே வாசகம், ஒரே கையெழுத்து. முதல் சீட்டின் தேதி ஜூலை 22.

கழுவி அனுப்புகிறோம் என்று எழுதினாயே, அதைக் குழந்தைசாமியிடம் கேட்டேன். "கழுவறதுங்களா? கூண்டுல இருந்து எடுத்தா நேரா சாக்குலதானுங்க" என்றார்.

அந்தச் சடையில் என்ன இருக்கிறது, தனபால்? எனக்குப் புரிகிற தமிழில் எழுது. சுகுணாவுக்கு நாள் நெருங்கிவிட்டது.

ருக்குமணி

*

தூத்துக்குடி,
19.11.2024

அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். மோனிஷாவுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தாகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள்.

சிமெண்ட் ஆலை ஜூன் கடைசியிலேயே பொதிகளைத் திருப்பிவிட்டது. உப்பு சூளையைக் கெடுக்கிறதாம். இங்கே வளாகம் முழுக்கக் குவிந்துவிட்டது. இதை எங்கேயாவது அனுப்பாவிட்டால் வேலையே நின்றுவிடும் என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் உங்கள் கடிதம் என் பையில் இருந்தது. கேட்டது நீங்கள், அக்கா. ஊரார் குழி வெட்டிக்கொள்வார்கள் என்று சொல்லி நான் கையெழுத்துப் போட்டேன். பிலிப் சார் வேண்டாம் என்றார். அவர் இப்போது இங்கே இல்லை.

கழுவினோம் என்று எழுதியது தப்பு. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருக்காது. பிளாஸ்டிக் தூள் இல்லாத தண்ணீர் இன்று உலகத்தில் எங்கே இருக்கிறது? மழையிலும் இருக்கிறது, எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. துறைமுகச் சேறு கொஞ்சம் கலந்திருக்கும், அதுவும் நாளாக ஆகக் குறையும்.

குழந்தைசாமியிடம் இருபது தண்ணீர் கேன் கொடுத்திருக்கிறேன். சுகுணாவுக்கும் பிறக்கப்போகிற குழந்தைக்கும் மட்டும். மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம், ஊர் கலவரமாகும், என் வேலை போகும். ஊற்றுநீரை அவள் வாயில் படவிடாதீர்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

உங்கள் தம்பி

*

வளப்பூர் நாடு,
27.11.2024

தனபாலுக்கு,

சுகுணாவுக்கு இருபத்தொன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். இந்த 'நலம்' என்ற வார்த்தையை எத்தனை கடிதத்தில் எழுதியிருக்கிறோம், இன்று எழுதும்போது கை கூசுகிறது.

உன் கடிதமும் கேன்களும் இருபத்தைந்தாம் தேதி வந்தன. குழந்தையை இருபத்துமூன்றாம் தேதியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வீட்டில் மூத்தவள் என்று நான்தான் சேனை வைத்தேன். ஊற்றுநீரில் சர்க்கரை கரைத்து என் விரலால் தொட்டு அந்தப் பிஞ்சு நாக்கில் தடவினேன். குழந்தை சப்புக்கொட்டியது. எல்லோரும் சிரித்தோம்.

நீ சொன்னபடி கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஊரைக் கூட்டி, ஊற்றின் பக்கத்தில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்தேன். சடையைத் திருப்பிக் கேட்டவள் நான்தான், அதையும் சேர்த்தே சொன்னேன். என்மேல் மண்ணை வாரி வீசுவார்கள் என்று நினைத்தேன். யாரும் வீசவில்லை. பெரியப்பா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமாயி மட்டும், "சுகுணாவுக்கு மட்டும்னு எழுதியிருக்குதுங்களே, அப்ப எம்பட புள்ளைங்க?" என்றாள். கேன்களை அங்கேயே பச்சைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் வரும். கூட்டம் கலைந்ததும் மாதம்மாள் குடத்தை எடுத்து, நுரையை விலக்கி, அதே ஊற்றில் மொண்டுகொண்டு போனாள். வேறு எங்கே போவாள்? அடுத்த ஊற்றுக்கு ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும்.

நீ பொய் எழுதினாய், கையெழுத்துப் போட்டாய். அதையெல்லாம் பயத்தில் செய்தாய் என்று எப்படியாவது என் மனத்தைத் தேற்றிக்கொள்வேன். ஆனால் செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி நீ எழுதிய கடிதத்தைத்தான் இரண்டு நாளாக எடுத்து எடுத்துப் படிக்கிறேன். அன்றைக்கு உனக்கு எல்லாம் தெரியும். உன் மகளை மட்டும் கூப்பிட்டுக்கொண்டாய். என் மகள் வயிற்றுப்பிள்ளையோடு இங்கே வரப்போகிறாள் என்பதும் உனக்குத் தெரியும். ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்கு உன் பேனாவில் மை இல்லையா?

நாளைக்குக் காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். என்னோடு பெரியப்பாவும் பெருமாயியும் வருகிறார்கள். ஊற்றிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் எடுத்து, வாயைத் துணியால் கட்டிக் கொண்டுவருகிறேன். கொஞ்சம்தான் இருக்கும், நாளாக ஆகக் குறையும் என்று எழுதியிருக்கிறாய் அல்லவா? எனக்கு விஞ்ஞானம் தெரியாது. பெரியப்பாவுக்கும் பெருமாயிக்கும் எதிரே அந்தத் தண்ணீரை நீ ஒரு மடக்குக் குடித்துக் காட்டு. நீ குடித்தால் திரும்பிப் போய் ஊராரிடம் குடிக்கச் சொல்கிறேன். குடிக்காவிட்டால் அதையும் போய்ச் சொல்கிறேன்.

இன்று லாரியோடு இறங்கும் குழந்தைசாமி கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன், எனக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடும். கலைச்செல்வியைக் கேட்டதாகச் சொல். பஸ் வியாழன் இரவு வந்து சேருமாம், விடிந்ததும் உன் வீட்டுக்கு வருகிறோம்.

உன் அக்கா,
ருக்குமணி